பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டியவை

பக்ஹார்ன் ரிட்ஜ், மேற்கு வர்ஜீனியா
செப்டம்பர் 14, 2016

அன்புள்ள ஆர்லெட்டா அக்காவுக்கு,

நீ போனை வைத்துவிட்டாய். “ஒரு மஞ்சள் லாரிக்காக உன் மகளோட இன்சுலினைப் பனியில கொட்டப்போறியா?” என்று கேட்டாய், டொக்கென்று வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிடுவாய் என்று கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்ததுதான் மிச்சம். மறுநாள் பில் கட்டவில்லை என்று போன் கம்பெனிக்காரன் இணைப்பையே பிடுங்கிவிட்டான். செல்போன் கோபுரத்துக்கு இந்த மலையில் அனுமதி இல்லை என்பது உனக்குத் தெரியும். வானத்து ரேடியோ அலைகளைக் கேட்கிற அந்தப் பெரிய வெள்ளைத் தொலைநோக்கிக் கிண்ணத்துக்காக இங்கே நாங்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு வாழ்கிறோம். ஆகவே கடிதம். இதை நீ பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

நீ கேட்காமல் விட்ட பாதியைச் சொல்கிறேன். மாநிலச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிற வேலை. இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை சேர வேண்டும். நேர்முகத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர், எட்டு ஆம்பளைகள், நான் ஒருத்தி. லாரிக் கொட்டகை மேலாளர் ஹாய்ட் என்பவர் கேள்வியே கேட்கவில்லை. முற்றத்தில் நின்ற லாரியைக் காட்டி, “பனியில வழுக்காம சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டுங்க, பாக்கலாம்” என்றார். மூன்று பேர் சங்கிலியைத் தலைகீழாக விரித்தார்கள். ஒருத்தன் விரலை நசுக்கிக்கொண்டான். நான் சேற்றில் மல்லாந்து படுத்துப் பதினோரு நிமிடத்தில் எழுந்து வந்தேன். ஹாய்ட் தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“யாரு கத்துக்குடுத்தா?”

“எங்க அக்கா.”

“அவங்க வேலைக்கு வருவாங்களா?” என்றார்.

வரமாட்டாள், ஒஹாயோவில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சூப் கிண்டுகிறாள் என்று சொன்னேன். ரொம்ப வருத்தப்பட்டார்.

அக்கா, மலிவுக் கடையின் கல்லாவில் வாரத்துக்கு இருபது மணி நேரம் நின்று, அதற்கு மேல் ஒரு மணி நேரம் கொடுத்தாலும் “வேணாம், அரசு உதவி அட்டை போயிடும்” என்று கெஞ்சி நாலு வருடம் ஓட்டிவிட்டேன். கூட உழைக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறவளை நீ வேறெங்காவது பார்த்திருக்கிறாயா? டெஸ்ஸிக்கு எட்டு வயதாகிறது. அவளுக்கு ஒரு நாளைக்கு நாலு ஊசி. அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. வேலையில் சேர்ந்த பத்து நாளுக்குள் அரசு உதவி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி. தெரிவிக்கத்தான் போகிறேன். அவளுடைய மருத்துவ அட்டையை நிறுத்துவார்களா மாட்டார்களா, அது அப்புறம்தான் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லாரி அழகாக இருக்கிறது.

உன் தங்கை,
ட்ரீமா

•

கொலம்பஸ், ஒஹாயோ
செப்டம்பர் 20

ட்ரீமா,

நான் போனை வைக்கவில்லை. என் கை வைத்தது. அதற்கு உன்னைவிட ஒன்பது வயது கூடுதல், அறிவும் கூடுதல்.

அம்மா சட்டைத் தொழிற்சாலைக்குப் போனபோது உனக்கு ஐந்து வயது. உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்? புதுச் செருப்பு வாங்கித் தந்தது ஞாபகம் இருக்கும். எனக்குப் பதினாலு. நாலு மாதம் வேலை பார்த்தாள். உதவி ஆபீஸில் சொல்லவில்லை. “சொன்னா உணவுச் சீட்டை வெட்டிடுவாங்க, சொல்லாதே” என்று மேஸ்திரி பெண்டாட்டி ஓதியிருந்தாள். தொழிற்சாலையை மூடினார்கள், அம்மா வீட்டுக்கு வந்தாள், அவளுக்குப் பின்னாலேயே ஆபீஸ் கடிதமும் வந்தது. அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆகவே அதை உடைத்துப் படித்துக் காட்டியது நான். வாங்கிய உணவுச் சீட்டுப் பணம் அத்தனையும் திருப்பிக் கட்டு என்று எழுதியிருந்தது. நான் படிக்கப் படிக்க அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுத்தமாக இருந்த மேஜையை.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சோள ரொட்டி. நீ “இன்னிக்கும் ரொட்டியா, ஜாலி” என்று குதிப்பாய். உன்னை அறையலாம் போலிருக்கும்.

அன்றிலிருந்து ஆபீஸ் பெயர் அச்சடித்த உறையைக் கண்டால் எனக்குக் கை நடுங்கும். ஆகவே சொல்கிறேன், கேட்டுக்கொள். கல்லாவிலேயே நில். இருபது மணி நேரம் போதும். உள்ளதையும் தொலைத்துவிட்டு நிற்காதே. லாரி அழகாக இருக்கிறதாம். லாரியைக் கரைத்து ஊசியில் ஏற்ற முடியுமா?

சங்கிலி போடக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்டால் நீ அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு போவதற்காக. இதற்காக இல்லை.

டெஸ்ஸிக்கு என் முத்தம். உனக்கு இல்லை.

ஆர்லெட்டா

•

பக்ஹார்ன் ரிட்ஜ், மேற்கு வர்ஜீனியா
அக்டோபர் 3

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: வருமான மாற்றம் பற்றித் தெரிவித்தல்.

உறைமேல் எண் குறித்துள்ள கோப்பின் பயனாளியாகிய நான், என் மகள் டெஸ்ஸி ஸ்கேக்ஸ் (வயது 8) உடன் ஒரே வீட்டில் வசிக்கிறேன் என்பதையும், வீட்டு உறுப்பினர் எண்ணிக்கையில் மாற்றம் ஏதும் இல்லை என்பதையும், 26.9.2016 முதல் முழுநேர வேலையில் அமர்ந்துள்ளேன் என்பதையும் இதன்மூலம் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். முதல் சம்பளச் சீட்டு கிடைத்ததும் அனுப்பிவைக்கிறேன். என் மகளின் மருத்துவ அட்டை குறித்துத் தங்கள் மேலான முடிவை எதிர்நோக்குகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ட்ரீமா எல். ஸ்கேக்ஸ்

•

கொலம்பஸ், ஒஹாயோ
அக்டோபர் 7

அடியே ட்ரீமா,

யாரைப் பார்த்தடி மதிப்பிற்குரிய அம்மா என்கிறாய்? உன் வீட்டில் எத்தனை உறுப்பினர் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் குழந்தை பிறந்தபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

முதலில் கிண்டல் செய்கிறாய் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் கோபப்பட்டேன். அப்புறம் பேருந்தில் உட்கார்ந்து இரண்டாம் முறை படிக்கும்போது உறைத்தது. ஒரே மேஜையில் இரண்டு கடிதம் எழுதி, உறையை மாற்றிப் போட்டிருக்கிறாய். ஆபீஸ் கடிதம் என் கையில். அப்படியென்றால் எனக்கு எழுதியது உன் கேஸைப் பார்க்கிற அந்தப் பெட்ரி அம்மா மேஜையில்.

என்ன எழுதித் தொலைத்தாய்? அவளைப் பற்றி ஏதும் எழுதினாயா? எழுதியிருப்பாய். உன் வாயும் சும்மா இருக்காது, உன் பேனாவும் சும்மா இருக்காது. இதை உனக்குத் திருப்பி அனுப்பி, நீ அங்கே அனுப்பி, அதெல்லாம் நடப்பதற்குள் பத்து நாள் என்ன, இருபது நாள் ஆகிவிடும். அம்மாவாவது தெரிந்து சொல்லாமல் இருந்தாள். நீ சொல்லியும் சொல்லாதவளாக ஆகிவிட்டாய்.

கேள், இன்று நான் ஒரு காரியம் செய்தேன். அந்த ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஆமாம், நான்தான். காத்திருங்கள் என்று ஒரு பாட்டைப் போட்டார்கள். ஒரு மணி நாற்பது நிமிடம். நூற்றெண்பது பேருக்குக் கோழி சூப் கொதிக்கிறது, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், கையில் கரண்டி. எங்கள் மேலாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை அவரும் அந்தப் பாட்டை முணுமுணுத்தார். கடைசியில் அவளே எடுத்தாள்.

“யாரோட கேஸைப் பத்தியும் உங்ககிட்ட பேச எனக்கு அதிகாரம் இல்லைங்க. அப்படி ஒருத்தர் இருக்காங்களா இல்லையான்னுகூடச் சொல்ல முடியாது” என்றாள்.

“நீங்க பேசவேண்டாம். நான் பேசறேன், கேளுங்க” என்றேன். என் தங்கை கவனக்குறைவானவள், ஆனால் பொய் சொல்லமாட்டாள், உறைதான் மாறிவிட்டது, பத்து நாளுக்குள்தான் எழுதினாள், அதற்குச் சாட்சி என் கையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டி, உன் ஆபீஸ் கடிதத்தையும் வரிவரியாக வாசித்துக் காட்டினேன்.

அப்புறம், “வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு எங்க ஆபீஸ் திறந்திருக்கும். யாரு வேணா வரலாம். சம்பளச் சீட்டு இருக்கறவங்க அதையும் எடுத்துக்கிட்டு வரலாம்” என்றாள். வைப்பதற்கு முன்னால், “சூப்பைப் பாத்துக்கங்க” என்றாள்.

நான் சூப் கிண்டுகிறேன் என்று அவளுக்கு யார் சொன்னது? நான் சொல்லவே இல்லை. அவள் உன் கடிதத்தைப் படித்துவிட்டாள், ட்ரீமா. முழுக்கப் படித்துவிட்டாள்.

பதிமூன்றாம் தேதி வியாழக்கிழமை போ. தலையை வாரிக்கொண்டு போ. வாயை மூடிக்கொண்டு போ. உன் ஆபீஸ் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

ஆர்லெட்டா

•

பக்ஹார்ன் ரிட்ஜ், மேற்கு வர்ஜீனியா
அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தபால் நிலையத்திலேயே நின்று படித்தேன். பாதி படிக்கும்போதே எடைத் தராசு மேல் சாய்ந்துவிட்டேன். “நூத்தி நாப்பது பவுண்டு, எந்த ஊருக்கு அனுப்பணும்?” என்று தபால்காரர் கேட்டார்.

உனக்கு எழுதினது எனக்கு மனப்பாடம். பெட்ரி அம்மாவைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். அந்த வியாழக்கிழமைக்கு ஹாய்டிடம் அரை நாள் விடுப்பு கேட்டேன். “எதுக்கு?” என்றார். “என் கடிதத்தை நானே திருப்பிக் கேக்கப் போறேன்” என்றேன். போ என்று கையைக் காட்டிவிட்டார்.

பெட்ரி அம்மா கதவைச் சாத்தினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள். இழுப்பறையிலிருந்து என் கடிதத்தை எடுத்தாள். எடுத்து வாசித்தாள், அக்கா. சத்தமாக.

“‘அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வையில் பால் திரிந்துவிடும்.’ இது நானா?”

“ஆமாங்க” என்றேன். வேறென்ன சொல்ல?

“என் வீட்டுக்காரரும் இதத்தான் சொல்வாரு. அவரு கணக்குல பால் தயிராயிடும்” என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. அப்புறம் தாளை என் பக்கம் திருப்பினாள். அங்கங்கே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். பாலுக்குக் கோடு இல்லை. உன்னிடம் பீற்றிக்கொள்வதற்காக நான் எழுதியிருந்தேனே, ‘உன் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிக்கொள், மாநிலச் சாலைத் துறை, செப்டம்பர் இருபத்தாறிலிருந்து, மணிக்குப் பதினாலு டாலர், வாரத்துக்கு நாற்பது மணி நேரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம்’ என்று, அதற்குத்தான் கோடு. அடியில் பெரிய பவிசாக ‘இப்படிக்கு, ட்ரீமா லூயீஸ் ஸ்கேக்ஸ், மாநில லாரி ஓட்டுநர்’ என்று முழுப் பெயரில் கையெழுத்து வேறு போட்டிருந்தேன். அதற்கும் கோடு. மேலே முத்திரை: பெறப்பட்டது, அக்டோபர் 6.

“எந்தத் தாள்ல எழுதினாலும் எனக்குக் கவலையில்ல. வேலை, சம்பளம், சேர்ந்த நாள், கையெழுத்து. நாலும் இருக்கு. உறையில கோப்பு எண் இருக்கு. பத்தாவது நாள் வந்திருக்கு. நீ தெரிவிச்சாச்சு. மிச்சமெல்லாம் எனக்குச் சம்பந்தமில்லாதது” என்றாள். “நீ பணிவா எழுதி உன் அக்காவுக்கு அனுப்பினியே, அதுல சம்பளமே இல்லையேம்மா. அது வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்.”

உன் கடிதத்தோடு வந்ததை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், எழுதவே இல்லை. பணிவில் சம்பளத்தை மறந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு வரியைத் தேடி எடுத்தாள். அதை வாசிக்கும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. ‘டெஸ்ஸியின் அட்டையை நிறுத்தினால் நவம்பரில் வேலையை விட்டுவிடுவேன், அக்கா. லாரியிலிருந்து இறங்கும்போது அழுவேன், ஆனால் இறங்கிவிடுவேன்.’ கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். கண்ணாடி இல்லாமல் அவள் சாதாரண மனுஷி, அக்கா.

“இறங்கவேணாம்” என்றாள். “உன் அட்டை வேற, உன் பொண்ணோட அட்டை வேற. பிள்ளைங்களுக்கு வரம்பு ரொம்ப உயரத்துல இருக்கு. நீ இந்த மாதிரி ஒண்ணரை லாரி ஓட்டினாலும் அவ அதுக்குக் கீழேதான். அட்டையோட பேரு மாறும், நிறம் மாறும். மருந்து மாறாது. உன் அட்டை நின்னுடும், அதுக்குப் பதிலா உன் வேலையில காப்பீடு உண்டு, எழுதிக்குடு. பள்ளிக்கூடம் விட்டு அவளப் பாத்துக்கற உதவி தொடரும், கொஞ்சம் கைக்காசு கட்டணும். உணவு அட்டை மட்டும் நவம்பரோட சரி.”

உணவு அட்டை போகிறது என்று கேட்டு ஏன் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நாலு வருடமாக இதற்குப் பயந்தேன். அவள் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டாள். நாம் யாரும் இதைக் கேட்கவே இல்லையே அக்கா. அம்மா கேட்கவில்லை, நீ கேட்கவில்லை, நான் கேட்கவில்லை. அம்மா கெட்டது வேலைக்குப் போனதால் இல்லை. அந்த மேஸ்திரி பெண்டாட்டியைக் கேட்டவள் ஆபீஸைக் கேட்டிருக்கலாம்.

எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். “உங்க அக்கா அந்தத் தலைமைச் சமையல் வேலையை இன்னும் எடுத்துக்கலையா?”

அதையும் எழுதியிருந்தேன். மன்னித்துக்கொள். ஆறு வருடத்தில் மூன்று முறை கூப்பிட்டும், வாடகை உதவி போய்விடும் என்று நீ மாட்டேன் என்றாய், உன் பயத்தை எனக்கும் சேர்த்துச் சமைத்துப் போடாதே என்று எழுதியிருந்தேன்.

“அது வேற மாநிலம், வேற ஆபீஸ். சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல” என்றாள். “ஆனா கணக்கு யாரு வேணா போடலாம். அந்த மாதிரி வீடுகள்ல, பத்து டாலர் கூட வந்தா மூணு டாலர் வாடகைக்குப் போகும். ஏழு அவங்க கையில நிக்கும். இத நான் உன்கிட்ட சொல்லல.”

அவள் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை.

ட்ரீமா

•

கொலம்பஸ், ஒஹாயோ
அக்டோபர் 24

ட்ரீமா,

என் வீட்டு விஷயத்தை முன்பின் தெரியாத பெண்பிள்ளை சத்தம் போட்டு வாசிக்கும்படி செய்தாய். இதற்கு உன்னை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.

வாயால் ஆயிரம் சொல்வார்கள். நானும் ஆபீஸ் கடிதம் படித்தவள். நீ சொல்கிற அந்த நிறம் மாறின அட்டையை மருந்துக்கடையில் நீட்டி, இன்சுலின் பெட்டியைக் கையில் வாங்கின பிறகு எழுது. அதுவரை நம்பமாட்டேன். பெட்டியை வாங்காமல், “தருவாங்களாம்” என்று எழுதினால் கிழித்துப் போடுவேன்.

பத்துக்கு மூன்று. அதைச் சும்மா ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பிறகு இன்னொரு தாளில் போட்டேன். பக்கத்து வீட்டு ஸோமாலிக்காரி ஹோதான் கணக்குப் படித்தவள், அவளிடமும் கொடுத்தேன். மூன்று தாளிலும் ஒரே விடைதான் வருகிறது. ஆறு வருடமாக ஒரு தாளும் எடுக்காமல் இருந்திருக்கிறேன். இதைப் பற்றி இதற்கு மேல் பேசாதே.

பெட்ரி அம்மாவுக்கு ஆப்பிள் மசியல் ஒரு புட்டி கொடுத்துவிடாதே, வாங்கமாட்டாள், விதி இருக்கும். கேட்டுவிட்டுக் கொடு.

ஆர்லெட்டா

•

பக்ஹார்ன் ரிட்ஜ், மேற்கு வர்ஜீனியா
நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

கிழிக்காதே. பெட்டி வீட்டில் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை பழைய பெட்டி தீர்கிற நாள். புது அட்டை புதன்கிழமைதான் தபாலில் வந்தது. மருந்துக்கடையில் நீட்டினேன். மருந்தாளர் அட்டையை இயந்திரத்தில் போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டெஸ்ஸி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். எல்லாம் தெரிந்திருக்கிறது. “அம்மா, மருந்து இல்லேன்னாலும் நீ லாரியை விட்டுட வேணாம். நான் இனிப்பே தின்னாம இருக்கேன்” என்று காதில் சொன்னாள்.

“பத்து டாலர்” என்றார் மருந்தாளர்.

“எதுக்கு?”

“உங்க பங்கு. மிச்சத்தை அட்டை பாத்துக்கும்.”

அட்டை இல்லாவிட்டால் முந்நூறுக்கு மேல், அக்கா. சம்பளத்தில் வந்த பத்து டாலர் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். இத்தனை நாள் காசில்லாமல் வாங்கியபோது குனிந்த தலையோடுதான் வாங்குவேன். பத்து டாலர் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தேன். வண்டியில் ஏறினதும் அழுதேன். டெஸ்ஸி பயந்துவிட்டாள், அப்புறம் நான் சிரிக்கிறேன் என்று கண்டுபிடித்து அவளும் சிரித்தாள்.

அதோடு முடியவில்லை. சனிக்கிழமை ஆரம்பித்த பனி இன்று காலை வரை விடவில்லை. முதல் பனி. ஹாய்ட் சாவியைத் தூக்கிப் போட்டு, “மேட்டுப் பாதை உன்னோடது” என்றார். முன்னால் தகடு இறங்கி, பனி ஒரு பக்கமாகச் சுருண்டு விழுகிறது, பின்னால் உப்பு தூவுகிறது, உயரத்தில் நான். கேலி செய்யாதே, பாடினேன். மேட்டுப் பாதையின் கடைசி வீட்டு வாசலில் கையில் காப்பிக் கோப்பையோடு ஒரு பெண் நிற்கிறாள். கம்பளித் தொப்பி, கண்ணாடி. பெட்ரி அம்மா. அவள் வீடு அங்கேதான் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. நான் வழி விட்டால்தான் அவள் ஆபீஸுக்குப் போக முடியும்.

கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தாள். ஜன்னலை இறக்கி, “பால் திரிஞ்சுதா?” என்று கத்தினேன்.

“காப்பில பால் ஊத்தறதையே விட்டுட்டேன்” என்று அவள் கத்தினாள். கோப்பையை உயர்த்திக் காட்டினாள். நான் ஹாரன் அடித்தேன். மலை முழுக்கக் கேட்டிருக்கும். அந்த வெள்ளைக் கிண்ணமும் கேட்டிருக்கும்.

ஆப்பிள் மசியல் பற்றிக் கேட்டுவிட்டேன். வாங்கக்கூடாதாம். ஆனால் உன் பக்குவத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னாள். பக்குவத்துக்கு விதி இல்லையாம்.

போன் பில் கட்டிவிட்டேன். அதே பழைய எண்தான். கூப்பிடு. ஒரே நிபந்தனை, முதலில் யாரும் வைக்கக்கூடாது.

ட்ரீமா

•

கொலம்பஸ், ஒஹாயோ
டிசம்பர் 3

அன்புள்ள ட்ரீமாவுக்கு,

நேற்று இரண்டு பேரும் முதலில் வைக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, ஒருத்தர் மூச்சை ஒருத்தர் இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். டெஸ்ஸி பிடுங்கி வைத்தாள் என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் நம் குடும்பத்தில் புத்தி இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், பேருந்து நிறுத்தத்துக்கு வா. லாரியில் ஏற்ற விதி இல்லை என்றால் உன் காரிலேயே வா. ஆனால் லாரியை எனக்குக் காட்ட வேண்டும். சங்கிலியை நான் பார்க்க வேண்டும். பதினோரு நிமிடமாம். நான் ஒன்பதில் போடுவேன்.

போனில் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். பேச்சில் வரவில்லை, ஆகவே எழுதுகிறேன். இதோடு ஒரு நகல் இருக்கிறது. திருத்தித் தரச் சொல்லலாம் என்று நினைத்தேன், ஆனால் உன்னிடம் கேட்டால் கடைசிப் பகுதியை அடித்துவிடுவாய். அதனால் அசலை இன்று காலை நானே பெட்டியில் போட்டேன். உறைமேல் எழுதின பெயரை மூன்று தடவை பார்த்தேன். கை நடுங்கவில்லை.

உன் அக்கா,
ஆர்லெட்டா

(நகல்)

வாடகை உதவி அலுவலகத்துக்கு,

நான் ஆர்லெட்டா மே ஸ்கேக்ஸ். ஆறாம் எண் வீட்டில் தனியாக இருக்கிறேன். நவம்பர் 28 திங்கட்கிழமை முதல், நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே தலைமைச் சமையல்காரியாகி இருக்கிறேன். மணிக்குப் பதினேழு டாலர், வாரத்துக்கு நாற்பது மணி நேரம். இது ஆறாவது நாள். சம்பளச் சீட்டு வந்ததும் நேரில் கொண்டுவருகிறேன். வாடகை எவ்வளவு கூடும் என்று நான் போட்ட கணக்கும் இணைத்திருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

இனி வருவது உங்கள் படிவத்தில் இல்லை. என் தங்கை மேற்கு வர்ஜீனியா மலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறாள். அவளுக்குச் சங்கிலி போடக் கற்றுக்கொடுத்தது நான். இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆர்லெட்டா மே ஸ்கேக்ஸ்